ஆரஞ்சு ஒளிந்துகொள்ளும் தலைமுறை

போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் ஒரு எருக்குழி இருக்கிறது. மழை ஓய்ந்த ஒரு காலையில் மேல் எருவைப் புரட்டினேன். வழக்கம்போல அந்தச் சாம்பல் நிறப் பூச்சிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் பழுத்த பப்பாளியின் நிறத்தில் ஓடியது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அதைப் பிடித்து ஒரு காலி ஊறுகாய் ஜாடியில் விட்டேன். அந்த ஒரு பூச்சியின் பின்னால் ஒன்றரை வருடம் போய்விட்டது.

“கோழிக்குப் போடாம அதை எதுக்கு ஜாடியில அடைச்சு வெச்சிருக்க?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரே ஒரு ஆரஞ்சிலிருந்து ஒரு டப்பா நிறைய ஆரஞ்சு வரவழைக்க முடியுமா என்று பார்க்க எனக்கு ஆசை. முடியும். ஆனால் பாதி வழியில் நான் செய்த ஒரு தப்பை இதில் இறங்குகிற முக்கால்வாசிப் பேர் செய்வார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூச்சி என்று சொல்லிவிட்டேன், உண்மையில் இது பூச்சி இல்லை. இறால், நண்டு வகையறா. கடலை விட்டுத் தரைக்கு ஏறி வந்துவிட்ட கிளை. ஐசோபாட் என்று பெயர்; கிரேக்க மொழியில் ‘சம கால்’ என்று பொருள். ஏழு ஜோடிக் கால்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் அப்படி. வயிற்றின் பின்பகுதியில், அடிப்பக்கம் இருக்கும் தட்டு போன்ற உறுப்புகளால்தான் மூச்சு விடுகிறது. அவை ஈரமாக இருந்தாக வேண்டும். அதனால்தான் கல்லுக்கு அடியிலும் இலைச் சருகிலும் எருவிலும் குடியிருக்கிறது. தாய், முட்டைகளை மார்புக்கு அடியில் ஒரு பையில் நீரோடு சுமக்கும். குட்டிகள் அந்தப் பையிலிருந்தே வெளியே வரும். கடலை விட்டு வந்தாலும் ஒரு சொட்டுக் கடலைக் கூடவே தூக்கிக்கொண்டு திரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழியில் இருப்பது போர்செல்லியோனைடிஸ் புரூயினோசஸ் என்ற வகை. மேலே மாவு தூவியதுபோல இருக்கும், தொட்டால் சுருளாது, ஓடிவிடும். தொட்டதும் பட்டாணிபோல உருண்டுகொள்ளும் ஆர்மடில்லிடியம் வேறு வகை. வளர்ப்புப் பிராணியாக இவற்றை வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வெள்ளை உடம்பில் கரும்புள்ளி போட்ட டால்மேஷன், கறவை மாடுபோலத் திட்டுத்திட்டாக இருக்கும் டெய்ரி கவ், வாத்து மூஞ்சியோடு தாய்லாந்திலிருந்து வந்த ரப்பர் டக்கி என்று பெயர் வைத்து வளர்க்கிறார்கள். நம் எருக்குழிச் சாம்பலுக்கும் அவர்களிடம் ஒரு பெயர் உண்டு: பௌடர் ப்ளூ. அதில் வரும் ஆரஞ்சு நிறத்துக்குப் பௌடர் ஆரஞ்சு. ஆக நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் எங்கள் குழியின் ஆரஞ்சு எங்கள் குழியின் ஆரஞ்சுதானே.

சரி, வித்தியாசமான நிறத்தில் ஒன்று கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது சந்தேகப்படுவது. நிறம்போலத் தெரிவதெல்லாம் நிறம் இல்லை.

ஐசோபாட் தோலுரிப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. பாம்புபோல ஒரே மூச்சில் உரிக்காது. முதலில் பின்பாதி, ஓரிரு நாள் கழித்து முன்பாதி. உரிப்பதற்கு முன் மேல்தோல் மங்கும். உரித்த பாதி வெளிறி இருக்கும், உரிக்காத பாதி பழைய நிறத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பார்ப்பவர், ‘முன்பாதி கருப்பு, பின்பாதி வெள்ளை, அபூர்வ வகை’ என்று துள்ளிக் குதிப்பார். ஒரு வாரம் பொறுத்தால் அந்த அபூர்வம் முழுச் சாம்பலாகிவிடும். அதைத் திருப்பிப் போட்டு அடியில் பாருங்கள்: உரிக்கப் போகும் ஐசோபாடின் நெஞ்சுப் பக்கம் சுண்ணாம்பு வைத்ததுபோல வெள்ளைத் திட்டுகள் தெரியும். பழைய தோலில் இருந்து மீட்டு எடுத்து வைத்திருக்கும் கால்சியம் அது. உரித்த தோலையும் அதுவே தின்றுவிடும், வீணாக்குவதில்லை.

இன்னொன்று கொஞ்சம் சோகமானது. சில சமயம் கத்தரிப்பூ நிறத்திலோ பளபளக்கும் நீலத்திலோ ஒன்று கிடைக்கும். அழகென்றால் அவ்வளவு அழகு. அது நோய். இரிடோவைரஸ் என்ற வைரஸ் உடம்பு முழுக்கப் பெருகி, அதன் துகள்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும்போது ஒளி சிதறி அந்த நீலம் வருகிறது. அப்படி நீலமானது சீக்கிரமே செத்துவிடும். செத்ததைத் தின்னும் மற்றவற்றுக்கும் தொற்றும். சாம்பலில் ஒரு மங்கல் நீலம் இருப்பது இந்த வகைக்கு இயல்புதான். நான் சொல்வது மயில் கழுத்துபோல மினுக்கும் நீலம். அதைக் கண்டால் உடனே தனியே எடுத்துவிடுங்கள், இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

என் ஆரஞ்சு இரண்டு சோதனையிலும் தேறியது. இரண்டு முறை தோலுரித்தது, இரண்டு முறையும் ஆரஞ்சாகவே வந்தது. அடிப்பக்கம் பார்த்தேன், பெண். ஆணாக இருந்தால் பின்வயிற்றின் தட்டுகளுக்கு நடுவே நீளமாக, கூராக ஒரு ஜோடி உறுப்பு தெரியும். வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. கண்ணாடி டம்ளரில் விட்டு அடியிலிருந்து போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஜாடியில் அது தனியாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் பார்த்தால் ஜாடிக்குள் வெள்ளை எள் தூவியதுபோலக் குட்டிகள். ஆண் இல்லாமல் எப்படி? பெண் ஐசோபாட் ஒருமுறை சேர்ந்தால் விந்தணுவைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பிலிருந்து அடுத்தடுத்துச் சில ஈற்றுகள்கூடக் குட்டி போடும். எருக்குழியில் இருந்தபோதே யாரோ ஒரு சாம்பலுடன், அல்லது பல சாம்பல்களுடன், இது சேர்ந்திருக்கிறது. குட்டிகள் பிறக்கும்போது வெளுப்பாக இருக்கும், கால்களும் ஆறு ஜோடிதான். ஏழாவது ஜோடி பிறகு வளரும். நிறம் தெளிய மூன்று நான்கு வாரம் காத்திருந்தேன்.

தெளிந்தது. அத்தனையும் சாம்பல்.

இருபத்தைந்தோ முப்பதோ குட்டிகள், ஒன்றில்கூட ஆரஞ்சின் சாயல் இல்லை. ‘இது வாரிசுக்குப் போகாத நிறம் போலிருக்கிறது’ என்று முடிவு கட்டிக் குட்டிகளை அப்படியே எருக்குழியில் கொட்டிவிட்டேன். தாயை மட்டும் அழகுக்காக வைத்துக்கொண்டேன்.

நான் சொன்ன தப்பு இதுதான். கொட்டிய அத்தனை குட்டிகளுக்குள்ளும் ஆரஞ்சு இருந்தது.

எனக்கு இதை விளங்க வைத்தது பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் என் சித்தப்பா. கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் பட்டுக்கூடு தெரியாதவர் குறைவு, அதனால் அவர் சொன்ன வழியிலேயே சொல்கிறேன்.

“மஞ்சக்கூடு எப்படி வருது தெரியுமா?” என்று கேட்டார். கலப்பினப் புழுவுக்குத் தாய் மைசூர் இனம்; அது மஞ்சள் கூடு கட்டும். தகப்பன் வெண்கூடு கட்டும் இனம். இரண்டுக்கும் பிறந்த புழு கட்டுவது மஞ்சள் கூடு. “வெள்ளை எங்க போச்சு?” என்றார். “போவலப்பா. உள்ளதான் இருக்கு. அந்தக் கூட்டை அறுக்காம அந்துப்பூச்சி வர விட்டு, அதுங்களையே சேர விட்டா, அடுத்த தலைமுறையில வெள்ளையும் எட்டிப் பார்க்கும்.” விவசாயிகள் கலப்பினக் கூட்டிலிருந்து தாங்களே முட்டை எடுத்து வளர்க்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குவதற்கு நோயில்லாத முட்டை வேண்டும் என்பது ஒரு காரணம். அடுத்த தலைமுறை இப்படிச் சிதறிப்போகும் என்பது இன்னொரு காரணம்.

சித்தப்பாவுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் அவர் சொன்னது மெண்டலின் விதி. பட்டாணிச் செடிகளை வைத்து கிரிகோர் மெண்டல் கண்டதை 1866இல் வெளியிட்டார். அது பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்று ஜப்பானியரான தொயாமா கமேதாரோ 1906இல் காட்டினார். ஐசோபாடுக்கும் அதே கணக்குதான்.

கணக்கு என்று சொன்னாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது: ஒன்று தாய் கொடுத்தது, இன்னொன்று தகப்பன் கொடுத்தது. நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவில் ‘சாம்பல்’ என்று ஒரு பிரதி, ‘ஆரஞ்சு’ என்று ஒரு பிரதி இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் சாம்பல்தான் வெளியே தெரியும் என்றால் சாம்பல் ஓங்கு பண்பு, ஆரஞ்சு ஒடுங்கு பண்பு. ஆரஞ்சு வெளியே தெரிய வேண்டுமானால் இரண்டு பிரதியும் ஆரஞ்சாக இருக்க வேண்டும். என் ஜாடியில் இருந்த தாயிடம் இரண்டுமே ஆரஞ்சு. எந்தக் குட்டியானாலும் அதனிடமிருந்து ஒரு ஆரஞ்சுப் பிரதியை வாங்கித்தான் ஆக வேண்டும், வேறு கொடுக்க அதனிடம் இல்லை. குழியில் இருந்த தகப்பன்மார் ஆளுக்கொரு சாம்பல் பிரதி கொடுத்தார்கள். ஆகவே குட்டிகள் பார்வைக்குச் சாம்பல், உள்ளே பாதி ஆரஞ்சு. இவற்றைச் சுமப்பவை என்று சொல்லலாம்.

இரண்டு சுமப்பவை சேர்ந்தால்? ஒவ்வொன்றும் பாதி வாய்ப்பில் ஆரஞ்சுப் பிரதியைக் கொடுக்கும். இரண்டும் ஆரஞ்சாக அமைவதற்கு வாய்ப்பு நாலில் ஒன்று. ஆரஞ்சு ஒரு தலைமுறை ஒளிந்துகொண்டு பேரப்பிள்ளைகளிடம் வெளியே வரும். தாத்தா மூக்கு அப்பாவுக்கு இல்லை, பேரனுக்கு வந்திருக்கிறது என்று வீட்டில் பேசுவோமே, கிட்டத்தட்ட அப்படி.

என் நல்ல நேரம், தாய் சேமிப்பிலிருந்து இன்னொரு ஈற்று போட்டது. இந்த முறை ஒரு குட்டியையும் கொட்டவில்லை. அவற்றை மட்டும் ஒரு டப்பாவில் தனியாக வளரவிட்டேன். எங்கள் வெயிலில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்து தங்களுக்குள் சேர்ந்தன. அவற்றின் பிள்ளைகள் நிறம் தெளிந்தபின் எண்ணினேன்: 62இல் 14 ஆரஞ்சு. நாலில் ஒன்று என்றால் பதினைந்தரை வர வேண்டும். பதினான்கு போதாதா? அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம், சித்தப்பாவுக்குப் பட்டுக்கூட்டு அங்காடியில் நல்ல விலை கிடைத்த நாளுக்குச் சமம்.

நாலில் ஒன்று என்பது நாலு குட்டிக்கு ஒன்று கட்டாயம் என்று அர்த்தமில்லை. நாணயம் சுண்டுவதுபோலத்தான். பத்தே குட்டி இருந்தால் ஒரு ஆரஞ்சுகூட வராமல் போக நூற்றுக்கு ஐந்தாறு வாய்ப்பு உண்டு. இருபது குட்டி என்றால் அந்த வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்றாகச் சுருங்கிவிடும். எனவே சீக்கிரம் மனம் தளராமல் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். ஐசோபாட் இதற்குத் தோதான பிராணி, ஆடு மாடு வைத்து இதைச் செய்யப் போனால் ஆயுள் போதாது.

இதே வேலை மாமரத்தில் இருந்தால் ஒரு கத்தியும் கொஞ்சம் பிளாஸ்டிக் நாடாவும் போதும். சந்தூரில் போய்ப் பார்த்தால் தெரியும், ஒரு நல்ல அல்போன்சா மரத்தின் குச்சியை நூறு கன்றில் ஒட்டுக்கட்டி நூறு அல்போன்சா ஆக்கிவிடுவார்கள். கொட்டை போட்டு முளைக்கவைத்தால் தாய் மரம்போல வராது என்பதால்தான் ஒட்டு. ஐசோபாடில் ஒட்டுப்போட முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் கொட்டையிலிருந்துதான் வர வேண்டும். ஆக, எந்தக் கொட்டை போட்டாலும் அதே மாதிரி வரும்படி இரண்டு பிரதியும் ஒன்றாக இருக்கும் ஒரு கூட்டத்தை உருவாக்குவதுதான் நம் வேலை. அதைத்தான் நிறத்தைத் தனிமைப்படுத்துவது என்கிறார்கள்.

ஒடுங்கு பண்பில் ஒரு வசதி இருக்கிறது. ஆரஞ்சாகத் தெரிகிற எதுவும் உள்ளேயும் முழு ஆரஞ்சுதான். ஆரஞ்சையும் ஆரஞ்சையும் சேர்த்தால் பிறப்பதெல்லாம் ஆரஞ்சு. பதினான்கையும் தனி டப்பாவுக்கு மாற்றியதுமே பாதி வேலை முடிந்தது. ஓங்கு பண்பில் அப்படி இல்லை. முதல் ஈற்றிலேயே குட்டிகளில் பாதி அந்த நிறத்தோடு பிறந்துவிட்டால் அது ஓங்கு பண்பாக இருக்கக்கூடும். பார்க்கச் சுலபமாக இருக்கும். ஆனால் அவற்றைத் தங்களுக்குள் சேர்த்து அந்த நிறத்தோடு பிறப்பவற்றில் எது சாதாரணப் பிரதி ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகச் சாதாரண நிறத்தோடு சேர்த்துப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் கழிக்க வேண்டும். சுலபமாகத் தொடங்குவது இழுக்கும், தொடக்கத்தில் ஏமாற்றுவது சீக்கிரம் முடியும்.

இப்போது ஆண், பெண் விஷயம். பெண் விந்தைச் சேமிக்கும் என்பதால் குழியிலிருந்து பிடித்த பெரிய பெண் எதுவும் ஏற்கெனவே யாரையோ சுமந்துகொண்டுதான் வருகிறது. கிடைத்த ஆரஞ்சு ஆணாக இருந்து, அதோடு குழியின் சாம்பல் பெண்களைச் சேர்த்தால், பிறக்கும் குட்டிகளில் எவை அதன் பிள்ளைகள், எவை பழைய சேமிப்பின் பிள்ளைகள் என்று பிரிக்க வழியே இல்லை. அதற்குச் சேராத பெண்கள் வேண்டும். அதாவது, குட்டியாக இருக்கும்போதே பிரித்து, ஆண் பெண் தெரிகிற அளவு வந்ததும் பெண்களை வேறு டப்பாவில் வளர்த்தவை. ஆரஞ்சு பெண்ணாக இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. தகப்பன் எந்தக் குழியைச் சேர்ந்தவனாக இருந்தாலும் அதன் குட்டிகள் அத்தனையும் சுமப்பவை. நான் எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: முடிந்தவரை ஆரஞ்சு தாயாக இருக்கட்டும்.

அவசரக்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. சாம்பல் மகன்களில் ஒன்றைத் தாயோடே சேர்ப்பது. தாயிடமிருந்து ஆரஞ்சு நிச்சயம், மகனிடமிருந்து பாதி வாய்ப்பு, ஆகப் பிள்ளைகளில் பாதி ஆரஞ்சு. கேட்கச் சங்கடமாக இருக்கும். ஐசோபாடுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. ஆனால் தாய் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும், பழைய சேமிப்பும் கலக்கும். என் தாய் இரண்டாவது ஈற்றோடு செத்துப்போனதால் எனக்கு அந்த வழி கிடைக்கவில்லை.

சங்கடம் இல்லையென்றாலும் விலை உண்டு. கூடப்பிறந்தவற்றையே மூன்று தலைமுறை சேர்த்தால், முதலில் இரு வேறு பிரதிகளோடு இருந்த மரபணுக்களில் சராசரியாகப் பாதி ஒரே பிரதியாகிவிடும். ஆரஞ்சு மாதிரியே ஒளிந்திருந்த குறைகளும் இப்படி வெளியே வரும்: ஈற்றில் குட்டிகள் குறையலாம், வளர்ச்சி மந்தமாகலாம். ஆகவே ஆரஞ்சு நிலைத்தபின் சும்மா இருக்கக்கூடாது. காவேரிப்பட்டணத்தில் ஒரு நண்பரின் தோட்டத்து எருக்குழியிலிருந்து சாம்பல் ஆண்களைக் கொண்டுவந்து என் ஆரஞ்சுப் பெண்களோடு விட்டேன். மறுபடி ஒரு தலைமுறை முழுக்கச் சாம்பல், அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று ஆரஞ்சு. இந்த முறை சாம்பலைப் பார்த்து நான் பதறவில்லை.

இந்த இரண்டாம் தலைமுறையில் மிச்சமாகும் சாம்பல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு சுமப்பவை, ஒரு பங்கு வெறும் சாம்பல். எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. இடமிருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அம்மாவின் கோழிகள் இருக்கின்றன.

இதுவரை சொன்னது ஒரே மரபணு தீர்மானிக்கும் நிறத்துக்கு. புள்ளி, கோடு, திட்டு என்று வரும் வடிவங்கள் பல சமயம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. புள்ளி உண்டா இல்லையா என்பதை ஒரு மரபணு சொன்னாலும், எத்தனை புள்ளி, எவ்வளவு பெரிது என்பதைப் பல மரபணுக்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சமாக முடிவு செய்யலாம். அங்கே நாலில் ஒன்று என்ற கணக்கு எடுபடாது. ஒவ்வொரு தலைமுறையிலும் திட்டு அதிகமுள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும், கேழ்வரகில் நல்ல கதிரைப் பார்த்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைப்பதுபோல. நகரும், ஆனால் மெதுவாக. ஒரே தலைமுறையில் நடக்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு ஒடுங்கு பண்புகளை ஒன்றாகச் சேர்க்க ஆசைப்பட்டால், உதாரணமாக ஆரஞ்சும் புள்ளியும், இரண்டாம் தலைமுறையில் அது பதினாறில் ஒன்றுதான் வரும். ஒன்றையாவது பார்ப்போம் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கை வேண்டுமானால் 47 குட்டிகள் வேண்டும். ஒற்றைப் பண்புக்கு 11 போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று. உங்களிடம் ஒரு ஆரஞ்சுக் கூட்டம், ஓசூரில் இருக்கும் நண்பரிடம் ஒரு ஆரஞ்சுக் கூட்டம். இரண்டும் ஒன்றுதானா? பார்த்துச் சொல்ல முடியாது. சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகள் ஆரஞ்சாகப் பிறந்தால் இரண்டு கூட்டத்திலும் ஒரே மரபணுதான் மாறியிருக்கிறது. எல்லாம் சாம்பலாகப் பிறந்தால்? ஆரஞ்சும் ஆரஞ்சும் சேர்ந்து சாம்பலா என்று தலை சுற்றும். இரண்டு கூட்டத்திலும் வெவ்வேறு மரபணு மாறியிருக்கிறது என்று பொருள். ஒன்றில் இல்லாத நல்ல பிரதியை இன்னொன்று கொடுத்துவிடுகிறது. ஒரு கிணற்றில் மோட்டார் பழுது, இன்னொன்றில் குழாய் உடைப்பு. இரண்டிலும் தண்ணீர் வரவில்லை. இதன் மோட்டாரையும் அதன் குழாயையும் சேர்த்தால் தண்ணீர் வந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒவ்வொருவரும் தங்கள் ஆரஞ்சுக்குத் தனிப் பெயர் சூட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஒரு கூட்டத்தில் பெண்களே பிறந்துகொண்டிருந்தால் அதற்கும் காரணம் இருக்கலாம். உருண்டுகொள்ளும் ஆர்மடில்லிடியம் வல்கேர் என்ற வகையில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா, மரபுப்படி ஆணாக வேண்டிய குட்டியைப் பெண்ணாகவே மாற்றிவிடுகிறது. தாயின் முட்டை வழியாகத்தான் அது பரவ முடியும் என்பதால் ஆண் அதற்குப் பயனில்லாத வண்டி. இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டெங்கு பரப்பும் கொசுவைக் கட்டுப்படுத்த வோல்பாக்கியா ஏற்றிய கொசுக்களைப் புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மையம் 2022இல் உருவாக்கியது. அதே பாக்டீரியா கொசுவில் ஒரு வேலையும் ஐசோபாடில் வேறு வேலையும் செய்கிறது.

வளர்ப்பு முறை பெரிய வித்தை இல்லை. முறுக்கு டப்பா போதும், மூடியில் ஊசியால் துளை. அடியில் நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூள், மேலே சருகு, ஒரு மரப்பட்டைத் துண்டு. ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் கொஞ்சம் காய்ந்திருக்க வேண்டும். எங்கே வேண்டுமோ அங்கே அதுவே போய்க்கொள்ளும். கால்சியத்துக்கு முட்டை ஓட்டுத்தூள், அல்லது நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை. வாரம் ஒருமுறை சிட்டிகைக் கருவாட்டுத் தூள். சித்திரை வெயிலில் டப்பாவை ஈரமணல் மேல், மண்பானைக்குப் பக்கத்தில் வைப்பேன். ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

சருகில்தான் எச்சரிக்கை வேண்டும். நம் பக்கம் மாஞ்சருகுக்குப் பஞ்சமே இல்லை, ஐசோபாடும் விரும்பித் தின்னும். ஆனால் பூ எடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடித்த தோப்பின் சருகைப் போட்டால் ஒரே இரவில் டப்பா காலி. பூச்சிக்கு அடிக்கும் மருந்து இறால் சாதிக்கும் விஷம்தான். மருந்தடிக்காத வீட்டு மரத்தின் சருகை எடுத்து, கொதிநீரில் போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். கொதிநீர் இன்னொரு விதத்திலும் முக்கியம். குழியோரத்துச் சருகில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு வெள்ளை எள் அளவு சாம்பல் குட்டி ஆரஞ்சு டப்பாவுக்குள் போய்விட்டால், மூன்று மாதம் கழித்து அது தன் வேலையைக் காட்டும். ஆரஞ்சு டப்பாவில் சாம்பல் பிறக்கிறது என்றால் மரபணு ஏமாற்றவில்லை, சருகு ஏமாற்றியிருக்கிறது.

வெளிநாட்டு வகைகளை வாங்கி வளர்ப்பவர்கள், அலுத்துப்போனால் அவற்றைத் தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டிவிட வேண்டாம். காப்புக்காட்டுக்குள் போய்ப் பிடித்து வரவும் வேண்டாம். எருக்குழியிலேயே வேண்டியது இருக்கிறது.

போன வாரம் சித்தப்பா வந்திருந்தார். ஆரஞ்சு டப்பாவைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது கூடு ஏதாவது கட்டுமா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “விலைக்குப் போவுமா?” போகும், ஆனால் நான் விற்கவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே மூடப் போனவர், “இங்க ஒண்ணு வெளுத்துக் கெடக்கு பாரு, பின்னாடி மட்டும்” என்றார். குனிந்து பார்த்தேன். ஆமாம், பின்பாதி மட்டும் பால் வெள்ளை. கண்ணாடி டம்ளரில் எடுத்து அடியில் பார்த்தோம். நெஞ்சில் வெள்ளைத் திட்டுகள். நாளைக்கு முன்பாதியும் உரியும் என்றேன். அவர் நம்பவில்லை. டம்ளரைத் தட்டு போட்டு மூடி அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார். மறுநாள் காலை ஆறு மணிக்கே போன்: “உரிச்சிடுச்சா?”